யாருக்குக் கிடைக்காதோ, அவருக்குக் கள்ளச்சரக்கு

டீ சூடாக இருக்கிறது, ஆறட்டும். அமீரகத்தில் மதுவிலக்கு உண்டா என்று ஊரிலிருந்து புதிதாக வந்த தம்பிமார் கேட்கிறார்கள். உண்டென்றாலும் சரிதான், இல்லையென்றாலும் சரிதான்; அது எந்த எமிரேட் என்பதைப் பொறுத்தது. ஷார்ஜா 1985-இல் மதுவை அடியோடு நிறுத்திவிட்டது. ஒட்டியிருக்கும் அஜ்மானில் கடை உண்டு. துபாயில் நெடுங்காலம் லைசென்ஸ் கேட்டார்கள், அதையும் சம்பளத்தைப் பார்த்துத்தான் கொடுத்தார்கள். ஹோட்டல் பாரில் பணம் உள்ளவரை யாரும் தடுக்கவில்லை. தொழிலாளர் கேம்பில் அடுக்குக் கட்டிலில் படுக்கும் கொத்தனாருக்குத்தான் வழியில்லை. அவரை நம்பித்தான் கள்ளச்சரக்கு ஓடுகிறது. அஜ்மானில் வாங்கி, ஷார்ஜாவைத் தாண்டி, மணலில் புதைத்து வைத்து விற்பார்கள்.

விற்கும் இடம் யாருடையது என்பதில் சண்டை வரும். சிகாகோவில் சாராயக் கடத்தல்காரன் அல் கபோன் காலத்தில் நடந்த அதே சண்டை. 2009 ஜனவரியில் ஷார்ஜாவில் அப்படியொரு மோதலில் பாகிஸ்தானியர் ஒருவர் இறந்தார். அடுத்த ஆண்டு 17 இந்தியர்களுக்கு மரண தண்டனை விதித்தார்கள்; பெரும்பாலோர் பஞ்சாபிகள். துபாய்த் தொழிலதிபர் எஸ்.பி. சிங் ஓபராய் முன்நின்று, இறந்தவர் குடும்பத்துக்கு 34 லட்சம் திர்ஹம் ரத்தப் பணம் கொடுத்த பிறகே, 2013-இல் ஊர் திரும்பினார்கள்.

2020-இல் அமீரகத்தின் மதுச் சட்டம் தளர்ந்தது. ஷார்ஜா தளரவில்லை.

குவைத்தில் 1964-இலிருந்தே மது இறக்குமதிக்குத் தடை. புட்டி வராத ஊரில் ஆட்கள் அறைக்குள்ளேயே காய்ச்சுவார்கள். 2025 ஆகஸ்டில் அங்கே விஷச் சாராயம் குடித்து 23 பேர் இறந்தார்கள். பாதிக்கப்பட்டவர்கள் 160 பேர், பெரும்பாலும் ஆசியத் தொழிலாளர்கள். கள்ளக்குறிச்சியில் 2024-இல் அறுபதுக்கு மேற்பட்டோரைக் கொன்ற அதே மெத்தனால்தான். இது தொழிற்சாலைச் சரக்கு. மணத்தாலோ ருசியாலோ பிரித்தறிய முடியாது. உடனே கொல்லாது. ஈரல் அதைப் பார்மிக் அமிலமாக மாற்றச் சில மணி நேரம் ஆகும். பிறகு கண் நரம்பு போகும். இந்த இடைவெளியில்தான் பலர், போதை தெளியட்டும் என்று படுத்துவிடுகிறார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸ் வரும், நாடு கடத்துவார்கள் என்ற பயமும் கூடவே இருக்கும்.

அந்தப் பயத்தில் நியாயம் உண்டு. ஆனால் விஷமுறிவு மருந்தும் டயாலிசிஸும் உண்டு, நேரத்தில் போனால்தான் பலிக்கும். உங்கள் கேம்பில் யாராவது குடித்த மறுநாள் கண் மங்குகிறது என்றால், விசாவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.