விலைச்சீட்டு அடிக்கும் பிள்ளைகள்

ஆடி பிறக்கும் முன்பே ப்ளெக்ஸ் கடைகளில் இரவு வேலை தொடங்கிவிடுகிறது. வாசலுக்குத் தள்ளுபடி பேனர், கண்ணாடிக் கதவுக்கு ஸ்டிக்கர், கூரையில் தொங்கவிட அட்டை, துணி அடுக்கில் செருக விலைச்சீட்டு என்று ஜவுளிக்கடைக்காரர் கேட்பதையெல்லாம் விடிவதற்குள் முடித்தாக வேண்டும். நாம் போய்வரும் சிறுநகரங்களில் கணினி முன் அமர்ந்திருப்பவர்களிலும், மரச்சட்டத்தில் பேனரை இழுத்து ஆணி அடிப்பவர்களிலும் நம் சேரிப் பிள்ளைகள் நிறையப் பேர். கல்லாவில் இருப்பவர்களில் நம்மவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இவர்களில் சிலருடைய அப்பாக்கள் சுவரெழுத்து ஓவியர்கள். நூலில் நீலம் தொட்டுச் சுவரில் கோடு அடித்து, எனாமலில் கடைப்பெயர் எழுதியவர்கள். எழுத்துப்பிழை இல்லாமல் எழுதினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். இன்றைய பேனர்களில் 'சிறப்புத் தள்ளுபடி'யில் ஒற்றைத் தேட வேண்டியிருக்கிறது. தூரிகைக்குக் கைத்திறமையே முதல். சதுர அடிக்கு விலை பேசும் அச்சு இயந்திரத்துக்கோ லட்சங்கள் வேண்டும். எழுதத் தெரிந்தவர் கூலியானார், ஈடு காட்ட நிலம் வைத்திருந்தவர் முதலாளியானார். அந்த நிலம் யாரிடம் இருந்தது, யாரிடம் இல்லை என்பது நமக்குப் புதிதல்ல.

விலைச்சீட்டைச் சின்னக் காகிதம் என்று ஒதுக்க நமக்கு மனம் வருவதில்லை. விலை எழுதாத கடையில் ஆளைப் பார்த்து விலை சொல்லலாம். எழுதிய விலை ஊருக்கும் சேரிக்கும் ஒன்றுதான். ஆனால் விலை பொதுவாக இருந்தும் கடை பொதுவாக இல்லாத ஊர்கள் உண்டு. 2022 செப்டம்பரில் தென்காசி மாவட்டம் பாஞ்சாகுளத்தில், தின்பண்டம் வாங்க வந்த தலித் குழந்தைகளிடம் ஊர்க் கட்டுப்பாடு என்று சொல்லித் தர மறுத்தார் ஒரு கடைக்காரர். காணொளி பரவிய பிறகே அவர் கைதானார், கடைக்கு சீல் வைக்கப்பட்டது. கடைக்குள் நுழைவதைச் சாதியின் பேரால் தடுக்கக்கூடாது என்று அரசியலமைப்பின் 15(2) பிரிவு சொல்கிறது. தடுத்தால் அது வன்கொடுமைச் சட்டத்தின்கீழ் குற்றம்.

ஸ்டிக்கர் அடிக்கும் பிள்ளைகள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். பாக்கெட்டில் அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலைக்கு மேல் வசூலிக்க முடியாது. விலையைக் குறைத்து ஸ்டிக்கர் ஒட்டலாம், அதுவும் பழைய விலையை மறைக்காமல். கூட்டி ஒட்டுவது 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளுக்கு எதிரானது. "மேலே ஒட்டுகிற மாதிரி அடிச்சுக் குடு தம்பி" என்று யாராவது கேட்டால் மறுத்துவிடுங்கள்.

சொந்தமாகத் தொழில் தொடங்க நினைப்பவர்களுக்கு வழி இருக்கிறது. 2023இல் தமிழக அரசு கொண்டுவந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 35 விழுக்காடு மூலதன மானியம் (உச்சவரம்பு ரூ.1.5 கோடி), கடன் வட்டியில் 6 விழுக்காடு மானியமும் உண்டு. மாவட்டத் தொழில் மையத்தில் விசாரிக்கலாம்.

பேனரை மட்டும் நம்பி இயந்திரம் வாங்கிவிட வேண்டாம். 100 மைக்ரானுக்குக் குறைந்த பி.வி.சி. பேனர்களுக்கு 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை இருக்கிறது. பேனர் வேலை பண்டிகையும் கல்யாணமும் பார்த்துத்தான் வரும். விலைச்சீட்டும் பார்கோடு லேபிளும் மளிகைக்கடை முதல் மருந்துக்கடை வரை வருடம் முழுக்கத் தேவைப்படுபவை, அந்த இயந்திரத்துக்கு முதலும் குறைவு. விண்ணப்பிக்கும் முன் சாதிச் சான்றிதழ், திட்ட அறிக்கை, இயந்திரத்தின் விலைப்புள்ளி மூன்றையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வங்கியில் "அடுத்த வாரம் வாங்க" என்று அலையவிட்டால், மறுப்பதற்கான காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அந்தக் கடிதத்தோடு தொழில் மைய மேலாளரையும், தேவைப்பட்டால் ஆட்சியரின் திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தையும் அணுகலாம்.