அறுந்த இணைப்பைத் தேடும் முறை

கணிப்பொறித் துறையில் பழைய பதிப்பிலிருந்து புதிய பதிப்பிற்கு மாறுவது அடிக்கடி நிகழ்வது. பாதுகாப்புக் கருதி மாறித்தான் ஆக வேண்டும். ஆனால் மாறிய மறுநாள் ஒரு விந்தையைக் காணலாம். இணையப் பக்கம் வழக்கம்போல் திறக்கும், படங்கள் வரும், நொடிக்கு நொடி மாற வேண்டிய எண் மட்டும் அப்படியே நிற்கும். இதன் காரணத்தைக் கண்டறியும் வழியை என் சிற்றறிவிற்கு எட்டிய அளவில் இங்கே விளக்க முயல்கிறேன்.

வெப்சாக்கெட் என்பது யாது?

சாதாரணமாகப் பிரவுசர் கேட்கும். சர்வர் விடை தரும். அத்துடன் பேச்சு முடிந்துவிடும். வெப்சாக்கெட் அவ்வாறன்று. ஒருமுறை திறந்த வழி திறந்தே இருக்கும். இருபுறமும் வேண்டியபோது செய்தி அனுப்பலாம். 2011-ஆம் ஆண்டு வெளியான ஆர்.எஃப்.சி. 6455 என்ற ஆவணம் இதன் விதிகளைக் கூறுகிறது. பிரவுசர் தன் கோரிக்கையில் ‘அப்கிரேடு’ என்ற வரியைச் சேர்த்து அனுப்பும். சர்வர் இசைந்தால் 101 என்ற எண்ணை விடையாகத் தரும்.

கூறுகளால் ஆன சர்வர்

ஜாவா மொழியில் ஓ.எஸ்.ஜி.ஐ. முறைப்படி அமைந்த சர்வர்களுள் அப்பாச்சி காராஃப் ஒன்று. இதில் மென்பொருள் ‘பண்டில்’ எனப்படும் கூறுகளாகப் பிரிந்திருக்கும். ஒண்டுக் குடித்தனம்போல் வாசல் ஒன்று, அடுப்பு வேறு. ஒவ்வொரு கூறும் தனக்கு வெளியிலிருந்து வேண்டியவற்றைப் பெயர் சொல்லிக் கேட்டுப் பெற வேண்டும்.

அந்தப் பெயர்தான் மாறிவிட்டது. 2020-இல் வந்த ஜகார்த்தா ஈ.ஈ. 9 பதிப்பில், ‘ஜாவாக்ஸ்’ என்று தொடங்கிய வெப்சாக்கெட் தொகுப்பின் பெயர் ‘ஜகார்த்தா’ என்று தொடங்கலாயிற்று. காராஃபினுள் இயங்கும் ஜெட்டி சர்வரின் 10-ஆம் பதிப்பு பழைய பெயரையும், 11-ஆம் பதிப்பு புதிய பெயரையும் கொண்டவை.

பழைய பெயரைக் கேட்கும் கூறு இரு வகையில் கெடும். அப்பெயருடைய தொகுப்பு அங்கே இல்லையெனில் கூறு தொடங்கவே தொடங்காது. குறை உடனே தெரியும். பழைய தொகுப்பும் ஒரு மூலையில் கிடந்தால்தான் தொல்லை. கூறு ‘ஆக்டிவ்’ என்றே காட்டும். ஆனால் சர்வர் தேடுவது புதிய பெயரை. ஆகவே அதனை யாரும் அழைப்பதில்லை. குடிமாறிய பின்னும் பழைய வீட்டில் தபாலுக்குக் காத்திருப்பவன் நிலைதான் அது!

எண் காட்டும் வழி

இத்தகைய வேளையில் எதையும் மாற்றுவதற்கு முன், பிரவுசரின் நெட்வொர்க் பகுதியில் விடை எண்ணைப் பார்ப்பதே என் வழக்கம்.

404 எனில், அம்முகவரியில் கேட்பார் இல்லை என்று பொருள். காராஃபில் ‘பண்டில்:லிஸ்ட்’ என்ற கட்டளை கூறுகளின் நிலையைக் காட்டும். தொடங்காத கூறு எதற்காகக் காத்திருக்கிறது என்பதை ‘பண்டில்:டயக்’ சொல்லும்.

400 அல்லது 426 எனில், இடையில் நிற்கும் ப்ராக்ஸியை ஐயுறலாம். எஞ்சின்எக்ஸ் அப்கிரேடு வரியைத் தானாகக் கடத்தாது. எழுதி வைத்தால்தான் கடத்தும். ப்ராக்ஸியைத் தவிர்த்துச் சர்வரை நேரே அழைத்தால் உண்மை விளங்கிவிடும்.

101 வந்து, பிறகு அறுந்தால் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். செய்தி எதுவும் இல்லாத 60 விநாடியில் அறுந்தால் எஞ்சின்எக்ஸின் இயல்பான கெடு. 30 விநாடி எனில் ஜெட்டியின் கெடு. ஜெட்டி 9.4-இல் 5 நிமிடமாக இருந்த இக்கெடு 10-ஆம் பதிப்பில் 30 விநாடியாகக் குறைந்தது. கெடுவை நீட்டலாம், அல்லது இடையிடையே ‘பிங்’ அனுப்பி இணைப்பை உயிரோடு வைக்கலாம்.

இதனால் விளைவது

இஃது ஏட்டளவான சிக்கல் அன்று. அணையின் நீர்மட்டத்தைக் காட்டும் திரை ஒன்றை எண்ணிப் பாருங்கள். இணைப்பு அறுந்தும் பழைய எண் பளிச்சென்று நின்றால், காவலர் அதை நம்பியே இருப்பார், வெள்ளமோ காத்திராது. வெற்றுத் திரையைவிடப் பொய்யான எண் கொடிது. எனவே, கடைசிச் செய்தி வந்த நேரத்தையும் எண்ணின் அருகில் காட்டுவது நிரல் எழுதுவோர் கடமை என்பேன்.

நோயை அறிந்து, அதன் காரணத்தை அறிந்து, பின்னரே மருந்து செய்க என்றார் வள்ளுவர். சர்வரை அணைத்து அணைத்துத் தொடங்குவோர்க்கும் அவ்வறிவுரை பொருந்தும்.