தாலப் பருவத்துக் குழந்தைக்கு முட்டை: திருவேங்கடம் வட்டாரத்தை முன்வைத்து இணையுணவு பற்றிய ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

ஆறு மாதம் நிறைந்த குழந்தைக்குத் தாய்ப்பாலோடு அளிக்கப்பெறும் இணையுணவில் முட்டையை எப்போது, எவ்வாறு சேர்க்கலாம் என்பதை இக்கட்டுரை விளக்குகின்றது. முட்டையை ஒரு வயது வரை தள்ளிவைக்கும் வழக்கத்திற்கு மருத்துவ அடிப்படை இன்று இல்லை என்பதும், கரப்பான் கண்ட குழந்தைக்கு இத்தாமதமே தீங்காகக்கூடும் என்பதும் இங்கு எடுத்துரைக்கப்படுகின்றன. பச்சையாகவோ அரைவேக்காடாகவோ முட்டையை ஊட்டுவதன் கேடும் சுட்டப்படுகின்றது.

திறவுச்சொற்கள்: இணையுணவு, முட்டை, ஒவ்வாமை, கரப்பான், பிள்ளைத்தமிழ்ப் பருவங்கள், அங்கன்வாடி.

முன்னுரை

தென்காசி மாவட்டத்தில், சங்கரன்கோவிலுக்கும் சிவகாசிக்கும் இடைப்பட்ட கரிசல் நிலத்தில் அமைந்த ஊர் திருவேங்கடம். மானாவாரி வேளாண்மையும் தீப்பெட்டித் தொழிலும் இவ்வட்டாரத்து மக்களின் வாழ்வாதாரங்கள். இரண்டிலும் பெண்களின் உழைப்பே மிகுதி. மகப்பேற்றுக்குப் பின் தாய் வேலைக்குத் திரும்பும் வீடுகளில் குழந்தையின் பகல் உணவு பெரும்பாலும் பாட்டியின் பொறுப்பாகின்றது. கோழி வளர்க்கும் வீடுகளில் முட்டைக்குக் கடைக்குப் போக வேண்டியதுமில்லை. ஆயினும் பால்குடிக் குழந்தையின் கிண்ணத்தில் முட்டை எளிதில் இடம்பெறுவதில்லை. மாந்தம் வரும், சூடு ஏறும், கரப்பான் பெருகும் என்பன தமிழகத்தின் பல பகுதிகளிலும் சொல்லப்படும் காரணங்கள். இவற்றை அறியாமை என்று ஒதுக்குவது எளிது. ஆனால், இருபது ஆண்டுகளுக்கு முன்பு வரை உலகின் முன்னணிக் குழந்தை மருத்துவர்களும் ஏறத்தாழ இதையே வேறு சொற்களில் கூறிவந்தனர் என்பது கருதத்தக்கது.

ஆறாம் மாதமும் பிள்ளைத்தமிழ்ப் பருவங்களும்

முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே போதும் என்பதும், அதன்பின் தாய்ப்பாலைத் தொடர்ந்தபடியே இணையுணவு தொடங்க வேண்டும் என்பதும் உலக நலவாழ்வு நிறுவனத்தின் பரிந்துரை. இந்த வயதெல்லை தமிழ் மரபுக்குப் புதிதன்று. பாட்டியல் மரபு பிள்ளைத்தமிழின் பருவங்களை மாதக் கணக்கோடு பொருத்துகின்றது. ஐந்தாம் மாதம் செங்கீரை, ஏழாம் மாதம் தாலம், ஒன்பதாம் மாதம் சப்பாணி, பதினோராம் மாதம் முத்தம், பதின்மூன்றாம் மாதம் வருகை என்பது பொதுவாகக் கூறப்படும் வைப்புமுறை. செங்கீரைக் குழந்தை கைகளை ஊன்றித் தலையை நிமிர்த்தி ஆடுகின்றது. சப்பாணிக் குழந்தை அமர்ந்து கைகொட்டுகின்றது. கழுத்து நிற்பது, ஓரளவு அமர்வது, உணவை நாவால் வெளியே தள்ளாதிருப்பது ஆகியவற்றையே இன்றைய மருத்துவமும் திடவுணவுக்குரிய ஆயத்த நிலையின் அடையாளங்களாகக் கொள்கின்றது. ஆக, இணையுணவின் தொடக்கம் செங்கீரைக்கும் தாலத்திற்கும் இடையில் விழுகின்றது. முட்டையோ பல வீடுகளில் குழந்தை நடக்கத் தொடங்கும் வருகைப் பருவத்திற்குப் பின்னரே கிண்ணத்திற்கு வருகின்றது. இடையில் தாலம், சப்பாணி, முத்தம் என்னும் மூன்று பருவங்கள் கழிந்துவிடுகின்றன. மூளையும் உடலும் மிக விரைந்து வளரும் காலம் இது.

முட்டை தருவதும் தராததும்

குழந்தையின் இரைப்பை சிறியது. ஒரு வேளைக்குச் சில கரண்டிகளே கொள்ளும் அவ்வயிற்றுக்குக் குறைந்த அளவில் நிறைந்த சத்து வேண்டும். கஞ்சியும் குழைந்த சோறும் வயிற்றை நிரப்பும். ஆனால் அவற்றில் புரதம் குறைவு. ஏறத்தாழ 50 கிராம் எடையுள்ள முட்டையில் 6 கிராம் அளவுக்குப் புரதம் உண்டு. உடலுக்கு இன்றியமையாத அமினோ அமிலங்கள் அனைத்தும் அப்புரதத்தில் உரிய விகிதத்தில் அமைந்துள்ளன. மஞ்சள் கருவில் வைட்டமின் ஏ, பி12 ஆகியவற்றோடு மூளை வளர்ச்சிக்குத் தேவையான கோலின் என்னும் பொருளும் மிகுதி. நாட்டுக்கோழி முட்டைக்கும் நாமக்கல் பண்ணை முட்டைக்கும் இவ்வகையில் பெரிய வேறுபாடில்லை. நாட்டு முட்டை சற்றுச் சிறியது என்பதே நடைமுறை வேறுபாடு.

ஆனால் முட்டை இரும்புச்சத்துக் குறையைத் தீர்க்கும் என்று நம்புவது தவறு. மஞ்சள் கருவில் உள்ள பாஸ்விட்டின் என்னும் புரதம் இரும்பை இறுகப் பற்றிக்கொள்வதால் குடல் அதைக் குறைவாகவே உறிஞ்சுகின்றது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 25 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ளோரில் 57.4 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர்கள். இரண்டாவது சிக்கலுக்கு ஈரல், இறைச்சி, மீன், பயறு, மருத்துவர் தரும் இரும்புச்சத்து மருந்து ஆகியனவே துணை.

முதற்சிக்கலில் முட்டை எவ்வளவு உதவும்? இதற்கு இரு நாடுகளின் ஆய்வுகள் இருவேறு விடை தந்துள்ளன. ஈக்வடாரின் கோட்டோபாக்சி மாநிலத்தில் 6 முதல் 9 மாத வயதுடைய 163 குழந்தைகளைக் கொண்டு நடத்தப்பெற்று 2017-இல் வெளியான ஆய்வில், ஆறு மாதம் நாளொன்றுக்கு ஒரு முட்டை பெற்ற குழந்தைகளிடையே குள்ளத்தன்மை 47 விழுக்காடு குறைந்தது. ஆப்பிரிக்காவின் மலாவியில் 660 குழந்தைகளிடம் இதே முறையில் நடத்தப்பெற்று 2019-இல் வெளியான ஆய்வில் உயர வளர்ச்சியில் குறிப்பிடத்தக்க மாற்றம் ஏதும் காணப்படவில்லை. அங்குக் குழந்தைகள் முன்பே ஏரிமீனை மிகுதியாக உண்டுவந்தனர் என்பது சொல்லப்படும் காரணங்களுள் ஒன்று. ஏற்கெனவே மீனோ இறைச்சியோ பெறும் குழந்தைக்கு முட்டை கூட்டும் பயன் குறைவாகவும், கஞ்சியை மட்டுமே நம்பும் குழந்தைக்கு அப்பயன் மிகுதியாகவும் இருக்கலாம். கடலிலிருந்து விலகிய கரிசல் ஊர்களில் கைக்குழந்தைக்கு நாள்தோறும் மீன் கிடைப்பது அரிது என்பதால் ஈக்வடார் முடிவே இங்கு நெருக்கமானதாகத் தோன்றுகின்றது.

'காத்திரு' என்ற அறிவுரையும் அதன் வீழ்ச்சியும்

அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2000-ஆம் ஆண்டில், ஒவ்வாமை மரபுள்ள குடும்பத்துக் குழந்தைகளுக்கு முட்டையை இரண்டு வயது வரையிலும், வேர்க்கடலை, மீன் ஆகியவற்றை மூன்று வயது வரையிலும் தவிர்க்குமாறு பரிந்துரைத்தது. முதிராத குடல் அயற்புரதத்தைத் தாங்காது என்பதே அதன் அடிப்படை. 'மாந்தம்' என்ற பாட்டியின் சொல்லுக்கும் இதற்கும் தொலைவு அதிகமில்லை. ஆனால் தள்ளிவைத்த நாடுகளில் ஒவ்வாமை குறையவில்லை. தாமதத்திற்குச் சான்றில்லை என்று கூறி அக்கழகமே 2008-இல் தன் பரிந்துரையைக் கைவிட்டது. 2010-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வொன்று, நான்கு முதல் ஆறு மாதத்தில் சமைத்த முட்டையை உண்ணத் தொடங்கிய குழந்தைகளைவிட, ஒரு வயதுக்குப் பின் தொடங்கியவர்களுக்கே முட்டை ஒவ்வாமை மிகுதி என்று காட்டியது. வேர்க்கடலை பற்றி 640 குழந்தைகளிடம் இலண்டனில் நடத்தப்பெற்று 2015-இல் வெளியான ஆய்வு இக்கருத்தை ஐயத்திற்கிடமின்றி நிறுவியது.

'முதலில் மஞ்சள் கரு, ஒரு வயதுக்குப் பின் வெள்ளைக் கரு' என்னும் அறிவுரையும் இம்மாற்றத்தால் தளர்ந்தது. ஒவ்வாமை தரும் ஓவால்புமின், ஓவோமியூகாய்ட் ஆகிய புரதங்கள் வெள்ளைக் கருவில் இருப்பது உண்மையே. ஆயினும் அவற்றைக் குடலுக்கு அறிமுகப்படுத்தாமல் விடுவது பாதுகாப்பாகாது. நன்கு வெந்த இரு கருக்களையும் ஒன்றாக மசித்துத் தொடங்கலாம் என்பதே இன்றைய நிலைப்பாடு.

கரப்பான் கண்ட குழந்தை

இவ்விடத்தில்தான் நாட்டு வழக்கிற்கும் ஆய்வுக்கும் இடையிலான முரண் கூர்மையடைகின்றது. கன்னத்திலும் முழங்கை மடிப்பிலும் சிவந்து, அரித்து, நீர் கசியும் தோல்நோயைக் கரப்பான் என்பர். அது கண்டதும் கத்தரிக்காய், கருவாடு முதலியன பத்தியமாக விலக்கப்படுகின்றன. பல வீடுகளில் முட்டையும் அப்பட்டியலில் சேர்கின்றது. ஆனால் முட்டை ஒவ்வாமை தோன்றும் வாய்ப்பு மிகுந்தவர்கள் இக்குழந்தைகளே.

இதற்கான விளக்கத்தைப் பிரித்தானிய மருத்துவர் கிடியன் லாக் 2008-இல் முன்வைத்தார். உணவுப் புரதம் வாய்வழியே குடலை அடையும்போது உடல் அதை ஏற்கப் பழகுகின்றது. வெடித்த தோலின் வழியே நுழையும்போது உடல் அதைப் பகையாகப் பதிந்துகொள்கின்றது. வீட்டில் பிறர் முட்டை உண்கின்றனர். அதன் புரதம் தூசியிலும் விரல்களிலும் ஒட்டியிருக்கின்றது. முட்டை உடைத்த கையால் தாய் குழந்தையின் கன்னத்தைத் தொடுகின்றாள். வாய்க்கு மறுக்கப்பட்ட முட்டை தோலின் வழியே உள்ளே செல்கின்றது.

ஜப்பானில் நடத்தப்பெற்று 2017-இல் வெளியான ஆய்வு இதை நேரடியாகச் சோதித்தது. கரப்பான் வகைத் தோல்நோய் கொண்ட குழந்தைகளுக்கு ஆறாம் மாதத்திலிருந்து வெந்த முட்டைத் தூள் நாளொன்றுக்கு 50 மில்லிகிராமும், ஒன்பதாம் மாதத்திலிருந்து 250 மில்லிகிராமும் அளிக்கப்பட்டன. இவை முறையே 0.2 கிராம், 1.1 கிராம் அவித்த முட்டைக்கு நிகர். பின்னதுகூட விரல்நுனி அளவே. ஒரு வயதில் சோதித்தபோது முட்டை பெற்றவர்களில் 8 விழுக்காட்டினருக்கும் பெறாதவர்களில் 38 விழுக்காட்டினருக்கும் ஒவ்வாமை காணப்பட்டது. வேறுபாடு தெளிவாக இருந்ததால் ஆய்வு இடையிலேயே நிறுத்தப்பட்டது. இக்குழந்தைகள் அனைவருக்கும் தோல்நோய் களிம்பு மருந்தால் முறையாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது என்பதை மறத்தலாகாது. தோலை ஆற்றாமல் முட்டையை மட்டும் ஊட்டுவது அந்த ஆய்வு காட்டிய வழியன்று. கடுமையான கரப்பான் உள்ள குழந்தைக்கு மருத்துவரைக் கண்ட பின்னரே தொடங்க வேண்டும்.

இந்தியாவில் உணவு ஒவ்வாமை மேலைநாடுகளைவிடக் குறைவு. கர்நாடகப் பள்ளிக் குழந்தைகளிடம் நடத்தப்பெற்ற ஆய்வில் அது நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழாகவே இருந்தது. எனவே கரப்பான் இல்லாத பெரும்பாலான குழந்தைகளுக்கு முட்டையை முன்கூட்டியே தருவதன் முதன்மைக் காரணம் ஊட்டமே. ஒவ்வாமைத் தடுப்பு அதன்பின் வருவது.

பச்சை முட்டை என்னும் பழக்கம்

தென்மாவட்டங்களில் பூப்பெய்திய பெண்ணுக்கு நாட்டுக்கோழி முட்டையைப் பச்சையாக உடைத்து நல்லெண்ணெயோடு கொடுக்கும் வழக்கம் உண்டு. பச்சை முட்டையே வலிமை தரும் என்ற எண்ணம் இதனால் ஊன்றியுள்ளது. கைக்குழந்தையிடம் இது கூடவே கூடாது. சால்மொனெல்லா நுண்ணுயிரி பெரியவருக்குத் தரும் வயிற்றுப்போக்கு, ஏழு மாதக் குழந்தைக்கு உயிராபத்தாகலாம். பச்சை வெள்ளைக் கருவில் உள்ள அவிடின், பயோட்டின் என்னும் வைட்டமினைக் கட்டிவிடுகின்றது. ஒவ்வாமை நோக்கிலும் பச்சை முட்டை கடுமையானது. வேகவைக்காத முட்டைத் தூளைப் பயன்படுத்தி ஆஸ்திரேலியாவில் நடத்தப்பெற்று 2013-இல் வெளியான ஆய்வில் ஏறத்தாழ மூன்றில் ஒரு குழந்தைக்கு ஒவ்வாமை எதிர்வினை தோன்றியது. வெப்பம் ஓவால்புமினின் வடிவைச் சிதைத்து வீரியத்தைக் குறைக்கின்றது. ஆஃபாயிலும் இதே காரணத்தால் விலக்கத்தக்கது.

ஊட்டும் முறை

குழந்தை சில நாள் கஞ்சி, பருப்புச் சோறு, மசித்த வாழைப்பழம் போன்றவற்றை ஏற்றுக்கொண்ட பின் முட்டையைத் தொடங்கலாம். நீர் கொதித்தபின் பத்துப் பன்னிரண்டு நிமிடம் அவித்து, இரு கருக்களும் இறுகியதை உறுதிசெய்ய வேண்டும். மஞ்சள் கரு வறண்டு தொண்டையில் ஒட்டும் இயல்புடையது. ஆதலால் தாய்ப்பால், கஞ்சி அல்லது வெந்நீர் விட்டுக் கட்டியின்றி மசிப்பது இன்றியமையாதது. முதல் நாள் கால் தேக்கரண்டி போதும். காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ இல்லாத ஒரு காலைப்பொழுதில் தருவது நன்று. மாலையில் தந்தால் எதிர்வினை இரவில் கவனிக்கப்படாமல் போகலாம். தாய் வேலைக்குச் செல்லும் வீடுகளில் அவள் வீட்டில் இருக்கும் நாளைத் தேர்வது பொருத்தம்.

ஒவ்வாமை எதிர்வினை பெரும்பாலும் இரண்டு மணி நேரத்திற்குள் தோன்றும். வாயைச் சுற்றிலும் உடலிலும் தடிப்பு, முக வீக்கம், தொடர் வாந்தி ஆகியன கண்டால் முட்டையை நிறுத்தி மருத்துவரைக் காண வேண்டும். மூச்சிரைப்பு, குரல் கம்மல், திடீர்த் துவட்சி ஆகியவை 108-ஐ அழைக்க வேண்டிய அறிகுறிகள். அரிதாகச் சில குழந்தைகளுக்கு ஒன்று முதல் நான்கு மணி நேரம் கழித்து, தடிப்பின்றிக் கடும் வாந்தி மட்டும் வருவதுண்டு. இவ்வகை மஞ்சள் கருவாலும் ஏற்படுவதாக ஜப்பானிய மருத்துவர்கள் பதிவுசெய்துள்ளனர். எதிர்வினை ஏதுமில்லையெனில் சில நாட்களில் அரை முட்டை, பின் முழு முட்டை என உயர்த்தலாம். ஒருமுறை தந்துவிட்டுப் பல வாரம் நிறுத்துவது பயனற்றது. குடலின் பழக்கம் தொடர்ச்சியால் நிலைப்பது. முட்டை உண்ணாத குடும்பங்களுக்குப் பருப்பு, தயிர், பயறு, அரைத்த கொட்டைகள் ஆகியவற்றின் கலவையை மருத்துவரின் அறிவுரையோடு அமைத்துக்கொள்ள வழியுண்டு.

அரசுத் திட்டங்களில் முட்டை

1980-இல் தொடங்கப்பெற்ற தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், அன்றைய திருநெல்வேலி உள்ளிட்ட மாவட்டங்களில் 6 முதல் 36 மாத வயதுக் குழந்தைகளையே இலக்காகக் கொண்டது. மாதந்தோறும் எடைபோட்டு, எடை கூடாத குழந்தைக்குச் சத்துருண்டை வழங்கியது. வயதைச் சரியாகக் குறிவைத்த அத்திட்டத்தில் முட்டை இடம்பெறவில்லை. முட்டை 1989-இல் சத்துணவின் வழியே, இரு வாரத்திற்கு ஒன்றாக நுழைந்து, பின்னர் படிப்படியாகப் பெருகியது. அங்கன்வாடியில் ஒரு வயது முதல் இரண்டு வயது வரையுள்ள குழந்தைக்கு வாரம் ஒன்று என்ற அளவில் நெடுங்காலம் வழங்கப்பட்டது. ஒரு வயது நிறையாத குழந்தைக்கு உரியது சத்துமாவு. வைட்டமின்கள் சேர்க்கப்பட்டதாயினும் அது தானியமும் பயறும் வெல்லமும் கலந்த மாவே. பாட்டி காக்கச் சொல்லும் அதே ஒரு வயதைத்தான் அரசின் முட்டையும் எல்லையாகக் கொண்டது. உலக நலவாழ்வு நிறுவனமோ 2023-ஆம் ஆண்டு வழிகாட்டுதலில், 6 முதல் 23 மாதக் குழந்தைக்கு முட்டை, மீன், இறைச்சி போன்ற விலங்குவழி உணவு நாள்தோறும் வேண்டும் என்கின்றது.

அரசின் முட்டை எட்டாத அந்த ஆறு மாதத்தில் தாயும் குழந்தையும் கிராம சுகாதாரச் செவிலியரைத் தவறாது சந்திக்கும் ஒரு நாள் உண்டு. ஒன்பதாம் மாதம் நிறைந்ததும் போடப்படும் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி நாள் அது. முட்டை ஒவ்வாமை உள்ள குழந்தைக்கும் இத்தடுப்பூசியைப் போடலாம் என்பதையும், முட்டையை இன்னும் தொடங்காத வீட்டில் அதை எவ்வாறு மசித்துத் தருவது என்பதையும் ஒருசேரச் சொல்லுவதற்கு அந்நாளே வாய்ப்பானது. குழந்தையை உடன் தூக்கிவரும் பாட்டியிடமும் அன்றே பேசிவிடலாம்.