பலகையும் பாயும்

காவிரியில் புதுநீர் வந்து குளங்கள் நிறைந்ததும், தஞ்சை நாட்டுச் சிறுவர்கள் வாழைத்தண்டுகளை மூங்கில் குச்சியால் கோத்துத் தெப்பம் கட்டுகின்றனர். தெப்பம் மிதந்ததும், அதன்மேல் கழியை நட்டு, வேட்டியைப் பாயாக விரிக்கவும் சிலர் துணிகின்றனர். பெற்றோர் அதட்டித் தடுப்பதா, ஆட விடுவதா? இக்கேள்வியைச் சற்று ஆராய்வோம்.

1958-ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் ஹேலிங் தீவில் பீட்டர் சில்வர்ஸ் என்ற 12 வயதுச் சிறுவன், தானே செய்த பலகையில் பாய்மரம் நாட்டி, நின்றவாறே நீரில் ஓட்டினான். 1968-இல் அமெரிக்கரான ஹாய்ல் ஸ்வைட்சர், ஜிம் டிரேக் இருவரும் இத்தகைய பாய்ப்பலகைக்குக் காப்புரிமை கோரினர். ஆனால் 1985-இல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம், அச்சிறுவனின் பலகையைச் சான்றாக ஏற்று, அந்நாட்டில் அவ்வுரிமை செல்லாது எனத் தீர்ப்பளித்தது. 1984-இல் ஒலிம்பிக்கில் இடம்பெற்ற இவ்விளையாட்டில், 2023-இல் ஹாங்சோ நகரில் நடந்த ஆசியப் போட்டியில் இந்தியரான ஈபாத் அலி வெண்கலம் வென்றார். ஆகவே, சிறுவர்தம் கைவேலையை நாம் இகழ வேண்டா.

எனினும் ஒன்றை அறிதல் வேண்டும். பாய்ப்பலகையின் பாய்மரம் அடியில் இறுகப் பதிந்திராது; எப்பக்கமும் சாயும். காற்று மிஞ்சினால் கைப்பிடியை விட்டுவிடலாம். பாய் நீரில் விழ, பலகை நின்றுவிடும். தெப்பத்தில் அசையாமல் கட்டிய கழிக்கு இவ்வசதி இல்லை. பலத்த காற்று தெப்பத்தோடு ஆளையும் கவிழ்த்துவிடும்.

பழமையானது என்பதனால் மட்டும் ஒரு கலம் பயனற்றதாகிவிடாது. நாகைக் கரையின் கட்டுமரம் ஆணியின்றிக் கயிற்றால் பிணைக்கப்பட்டது. அலை மேலேறினும், மரங்களின் இடைவெளியில் நீர் வடிந்துவிடுவதால் அது நிரம்பி மூழ்குவதில்லை. ஆங்கிலமும் அதன் பெயரைத் தமிழிலிருந்தே பெற்றது. கடலுக்கெனப் பழகிய கைகள் செய்த கலம் அது. வண்டி ட்யூப்பையோ தெர்மோகோல் துண்டையோ அதனோடு ஒப்பிடலாகாது.

ஆனி, ஆடி மாதங்களின் மேல்காற்று நம் கரையில் நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். கரையோரம் நீர் அமைதியாகத் தோன்றினும், மிதக்கும் பிள்ளையை அக்காற்று ஆழ்கடலுக்குக் கொண்டுபோய்விடும். ஆதலின் கடலில் இவ்விளையாட்டு வேண்டவே வேண்டா. ஓடும் ஆற்றிலும் வாய்க்காலிலும் கூடாது. 2022-இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த வடுவூர் ஏரி பறவைகளின் சரணாலயம், அதனையும் விட்டுவிடுவோம்.

ஊர்க்குளத்திலும், நன்கு நீந்தத் தெரிந்த பிள்ளைகளையே, மிதவைச் சட்டை அணிவித்து இறக்குங்கள். தெப்பத்தில் நீண்ட கயிறு கட்டி, அதன் மறுமுனையைக் கரையில் பெரியவர் ஒருவர் பிடித்திருக்கட்டும். தெப்பம் கவிழ்ந்தால் அதனை விட்டு நீந்தாமல் பற்றிக்கொள்ள வேண்டும் என முன்னரே சொல்லிக்கொடுங்கள்.

பெற்றோரே, தடுத்தால் பிள்ளைகள் நமக்குத் தெரியாமல் செல்வர். முதலில் நீச்சல் கற்பியுங்கள். பிறகு நீங்களே உடன் அமர்ந்து அந்தத் தெப்பத்தைக் கட்டிக் கொடுங்கள்.