நகல் மந்திரம்: அன்றும் இன்றும்

1993இல் ரிச்சர்டு கார்ஃபீல்டு உருவாக்கிய 'மேஜிக்: தி கேதரிங்' சீட்டு விளையாட்டு வெளிவந்தது. அதன் முதல் தொகுப்பிலேயே ஃபோர்க் என்றொரு சிவப்புச் சீட்டு இருந்தது. ஒருவர் விட்ட மந்திரத்தை நகலெடுப்பது அதன் வேலை. அன்று அச்சிட்ட வாசகப்படி, ஃபோர்க் சீட்டே அந்த மந்திரத்தின் நகலாகிவிடும்.

அந்நாளில் மந்திரங்களுக்குள் மேல் கீழ் இருந்தது. இன்ஸ்டன்ட் என்ற உடனடி மந்திரத்தைவிட, இன்டரப்ட் என்ற குறுக்கீட்டு மந்திரம் வேகமானது. ஓர் இன்டரப்டுக்கு இன்னோர் இன்டரப்டால்தான் பதில் கொடுக்க முடியும். ஃபோர்க், மந்திரத்தை ரத்து செய்யும் கவுன்டர்ஸ்பெல் இரண்டும் இன்டரப்ட் வகை. மற்ற மந்திரங்கள் 'பேட்ச்' என்ற தொகுதியாகச் சேரும். தொகுதி பலிக்கத் தொடங்கிவிட்டால், அது முடியும்வரை யாரும் குறுக்கே சீட்டுப் போட முடியாது.

1999இல் வந்த ஆறாம் பதிப்பு விதிகள் இதையெல்லாம் கலைத்தன. இன்டரப்ட் வகை ஒழிந்தது. ஸ்டாக் என்னும் அடுக்கு வந்தது. மந்திரமும், ட்ரிகர் எனப்படும் தூண்டப்படும் திறனும் ஒரே அடுக்கில் ஏறின. ஒன்றன்மேல் ஒன்றாகச் சுட்டு வைத்த தோசையைப் போல, கடைசியாக ஏறியதே முதலில் இறங்கும். ஒவ்வொன்று பலித்த பிறகும் பதில் போட இருவருக்கும் மறுபடி வாய்ப்பு உண்டு.

ஓர் ஆட்டத்தைப் பார்ப்போம். இருவருக்கும் மூன்று உயிர்ப்புள்ளிகளே மிச்சம். நீங்கள் எதிராளிமேல் லைட்னிங் போல்ட் விடுகிறீர்கள். அது மூன்று புள்ளி சேதம் தரும். அவர் பதிலுக்கு ட்வின்காஸ்ட் என்ற நகல் மந்திரத்தைப் போடுகிறார். அது பலித்ததும் போல்ட்டின் நகல் அடுக்கின் உச்சியில் உட்காரும். நகலுக்குப் புது இலக்கு தேர்ந்தெடுக்கலாம் என்பதால் அவர் உங்களையே காட்டுகிறார். நகல் முதலில் பலிக்கும், தோற்பது நீங்கள். நகல் ஏறிய பிறகு மூல மந்திரத்தை ரத்து செய்தும் பயனில்லை. ரத்து செய்ய வேண்டியது நகலைத்தான்.

மூல மந்திரத்தின் செலவில் எக்ஸ் என்று இருந்தால் அதற்குத் தேர்ந்தெடுத்த மதிப்பும், கூடுதல் செலவு செய்து பெற்ற பலனும் நகலுக்கும் வரும்; அதற்கென மானா என்ற மந்திரச் செலவைக் கட்ட வேண்டாம். ஆனால் இப்படி அடுக்கில் உருவாகும் நகல் 'விடப்பட்ட' மந்திரம் அல்ல. சில வகை மந்திரங்களை விடும்போதெல்லாம் டோக்கன் என்ற சீட்டில்லா உயிரினம் ஒன்றைத் தரும் யங் பைரோமேன்சர் போன்ற சீட்டு, இந்த நகலுக்கு அசையாது.

இந்த வேறுபாட்டை வைத்தே பிற்காலத்தில் புதிய திறன்கள் பிறந்தன. 2003இல் வந்த ஸ்டார்ம், அந்தத் திருப்பத்தில், அதாவது ஒருவர் ஆடும் முறையில், அதற்குமுன் எத்தனை மந்திரங்கள் விடப்பட்டனவோ அத்தனை நகல்களைத் தரும். ஸ்டார்ம் தனி ட்ரிகர் என்பதால், மூல மந்திரத்தைக் கவுன்டர்ஸ்பெல்லால் வீழ்த்தினாலும் நகல்கள் வந்தே தீரும். 2021இல் வந்த மேஜ்கிராஃப்ட், விட்டாலும் நகலெடுத்தாலும் தூண்டப்படும்.

2013இல் வந்த ஸ்ட்ரையானிக் ரெசனேட்டர், ட்ரிகரையே நகலெடுத்தது. ட்ரிகர் அடுக்கில் ஏறிவிட்டால், அதைத் தந்த உயிரினம் செத்தாலும் அது அடுக்கில் நிலைத்திருக்கும். இருவரின் ட்ரிகர்களும் ஒரே நேரத்தில் எழுந்தால், திருப்பம் யாருடையதோ அவருடையது முதலில் ஏறும். ஆகவே மற்றவருடையதே முதலில் பலிக்கும். 2020இல் உயிரின மந்திரத்தை நகலெடுக்கவும் வழி வந்தது. அந்த நகல் பலிக்கும்போது டோக்கனாகிறது.

விதிப்புத்தகம் பெருத்துவிட்டது என்று பழைய ஆட்டக்காரர்கள் அலுத்துக்கொள்வதில் நியாயம் உண்டு. ஆனாலும் சீட்டுக்குச் சீட்டு தனி விளக்கம் தேடிய காலத்தைவிட, எல்லாவற்றுக்கும் ஒரே அடுக்கு என்ற இன்றைய முறையே மேல். புதிதாக ஆடவருபவர்கள், சீட்டில் 'விடும்போது' என்றிருக்கிறதா, 'நகலெடுக்கும்போது' என்றும் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு ஆடுங்கள். பாதி வழக்கு அங்கேயே தீர்ந்துவிடும்.