பில்லைக் கசக்கி எறியாதீர்கள்

சென்னையில் இரவு பஸ் ஏறி, நடுவழியில் ஒரு மோட்டலில் பரோட்டாவும் குருமாவும் சாப்பிட்டுவிட்டு, விடியும் முன் நெய்வேலி ஆர்ச் கேட்டில் இறங்குகிறவருக்கு அந்த நேரத்தில் உடம்பில் எந்தக் குறையும் தெரியாது. குளித்து, இட்லி சாப்பிட்டு, ஷிப்டுக்குக் கிளம்புவார். மதியமோ மறுநாளோ வயிறு கலங்கும்போது பழி வீட்டுச் சாம்பார் மேல் விழும். மோட்டல் யார் நினைவுக்கும் வராது. அந்தப் பில் ஆர்ச் கேட்டிலேயே கசக்கி எறியப்பட்டிருக்கும்.

பயணத்தில் பிடிக்கும் நோய் பெரும்பாலும் வீட்டுக்கு வந்த பிறகுதான் தலைகாட்டும். ஸ்டாஃபைலோகாக்கஸ் என்ற கிருமியின் நச்சு உணவில் ஏற்கெனவே ஊறியிருந்தால் ஒன்று முதல் ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி வந்துவிடும்; அப்படி உடனே வருவதுதான் கையும் களவுமாகச் சிக்கும். சால்மொனெல்லா ஆறு மணி நேரத்திலிருந்து மூன்று நாள் வரை எடுத்துக்கொள்ளும். டைபாய்டுக்கு ஒன்று முதல் மூன்று வாரம். தண்ணீர் வழியே வரும் ஹெபடைடிஸ் ஏ மஞ்சள் காமாலை இரண்டிலிருந்து ஏழு வாரம் கழித்துக்கூட வரலாம். தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது குடித்த தண்ணீருக்கான விலையை மார்கழியில் கொடுக்க நேரும். அதற்குள் குடித்த இடமே மறந்திருக்கும்.

1956ல் நிலக்கரி நிறுவனம் தொடங்கியதிலிருந்து நெய்வேலி வெளியூர்க்காரர்களால் நிறைந்த ஊர். வட்டத்துக்கு வட்டம் வேறு மாவட்டம், வேறு மாநிலம். அதனால் பொங்கல், கோடை விடுமுறை, சபரிமலை என்று வருடம் முழுக்கப் பயணம்தான். டவுன்ஷிப்புக்குள் இருக்கும்வரை பழகிய குடிநீரும் மருத்துவமனையும் பக்கத்திலேயே இருக்கின்றன. எல்லையைத் தாண்டியதும் கையிலிருக்கும் பாதுகாப்பு சட்டம்தான். அந்தச் சட்டத்தைக் கூப்பிட ஆதாரம் வேண்டும்.

ஆதாரம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. 2022 ஜனவரி 1 முதல் உணவுக் கடைகள் தரும் ஒவ்வொரு பில்லிலும் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 14 இலக்க உரிம எண்ணோ பதிவு எண்ணோ அச்சிடப்பட்டிருக்க வேண்டும். அந்த எண்ணை வைத்தே கடை யாருடையது, எந்த மாவட்ட அதிகாரியின் எல்லைக்குள் வருகிறது என்று கண்டுபிடித்துவிடலாம். பில் தராத சின்னக் கடையானாலும் பதிவுச் சான்றிதழைக் கண்ணில் படும்படி மாட்டியிருக்க வேண்டும். அதை செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம். ஜிபே அனுப்பிய விவரமும் நேரத்தோடு கூடிய சாட்சிதான். பஸ் டிக்கெட்டையும் சேர்த்து இரண்டு மாதம் பத்திரப்படுத்துவதில் யாருக்கும் நஷ்டமில்லை.

ரயிலில் இது இன்னும் எளிது. பில் தராவிட்டால் பணம் தர வேண்டியதில்லை என்பது ரயில்வேயின் அறிவிப்பு. விருத்தாசலம் ஜங்ஷனில் ஏறி இரவு முழுக்கப் போகிறவர்கள் சாப்பாடு சரியில்லை என்றாலும், திடீரென்று உடம்பு முடியவில்லை என்றாலும் கூப்பிட வேண்டிய எண் ஒன்றே: 139. அடுத்த பெரிய நிலையத்தில் டாக்டர் வந்து பார்ப்பார்.

சரி, பில் இருக்கிறது, வயிறும் கெட்டுவிட்டது. அடுத்து என்ன? தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறைக்கு 94440 42322 என்ற எண்ணில் வாட்ஸ்அப் செய்யலாம். கடையின் பெயர், ஊர், சாப்பிட்ட நாள், நேரம், பில்லின் படம் இருந்தால் போதும். இதனால் உங்கள் வயிற்றுவலி தீராது. ஆனால் அந்தக் கடையிலிருந்து மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பும் அதிகாரம் உணவுப் பாதுகாப்பு அலுவலருக்கு உண்டு. பல ஊர்களிலிருந்து ஒரே கடையைப் பற்றிப் புகார் வந்தால்தான் அது தற்செயல் இல்லை என்று துறைக்கே தெரியும். வாங்கியவரே உணவைப் பகுப்பாய்வுக்கு அனுப்பவும் 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40ஆவது பிரிவு இடம் தருகிறது. ஆனால் வாங்கும்போதே கடைக்காரரிடம் அதைச் சொல்லிவிட வேண்டுமாம். டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும்போது யார் போய்ச் சொல்வது?

அதே சட்டத்தின் 65ஆவது பிரிவு பலர் கேள்விப்படாதது. உணவால் உயிரிழப்பு நேர்ந்தால் குறைந்தது 5 லட்சம் ரூபாய், கடுமையான பாதிப்புக்கு 3 லட்சம் வரை, மற்ற பாதிப்புகளுக்கு 1 லட்சம் வரை இழப்பீடு தரும்படி விற்றவருக்கு உத்தரவிடலாம். 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயதுச் சிறுமி இறந்தபோது நாடே பேசியது. கடைக்குச் சீல், கைது, ஷவர்மாவுக்குச் சில நாள் தடை என்று செய்திகள் நீண்டன. சாதாரண வயிற்றுப்போக்குக்கும் சட்டத்தில் இடமிருக்கிறது என்பதை மட்டும் யாரும் பேசவில்லை.

நுகர்வோர் ஆணையம் இன்னொரு வழி. பயணிக்கு இதுவே பொருத்தமானது என்பது என் எண்ணம். மோட்டல் விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கலாம், கேரளத்தில்கூட இருக்கலாம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகார் செய்பவர் தாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். நெய்வேலிக்காரருக்குக் கடலூர் மாவட்ட ஆணையமே போதும். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணமில்லை, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதுமில்லை. இரண்டு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும். போடுவதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்கு அழைத்தால் அவர்களே கடையோடு பேசிப் பார்ப்பதும் உண்டு.

இங்கே ஒரு முட்டுக்கட்டை இருக்கிறது. அந்தச் சாப்பாட்டால்தான் நோய் வந்தது என்று காட்ட வேண்டும். டாக்டர் சீட்டில் வெறுமனே வயிற்றுப்போக்கு என்று எழுதியிருந்தால் எதிர்த்தரப்பு ஒரு நிமிடத்தில் தள்ளிவிடும். எங்கே, எப்போது, என்ன சாப்பிட்டீர்கள் என்பதை டாக்டரிடம் சொல்லி, அதைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். நோய் கடுமையாக இருந்தால், ஆன்டிபயாடிக் தொடங்கும் முன்பே மலப் பரிசோதனை வேண்டுமா என்றும் கேளுங்கள். மருத்துவப் பதிவேடுகளின் நகலைக் கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று டாக்டர்களுக்கான ஒழுங்குவிதி சொல்கிறது. கூடச் சாப்பிட்ட நண்பருக்கும் அதே நேரத்தில் வயிறு கெட்டிருந்தால் அவர் சீட்டையும் சேர்த்து வையுங்கள். அதைவிட வலுவான சாட்சி கிடைப்பது கடினம்.

வழக்கு வரை போகாமல் இருப்பதுதான் நல்லது. அந்த விஷயத்தில் நம் பாட்டிமார் கட்டிய கட்டுச்சோற்றை மிஞ்ச ஆளில்லை. புளியோதரை, எலுமிச்சைச் சாதம், மிளகாய்ப் பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி. புளிப்பு ஏறிய உணவில் கிருமி மெதுவாகத்தான் வளரும். ஈரம் குறைந்ததிலும் அப்படியே. தேங்காய்ச் சட்னியை மட்டும் வழிக்குக் கொடுத்தனுப்ப மாட்டார்கள், காரணம் சொல்லாமலேயே. வெறும் சாதத்தை மட்டும் நம்பக் கூடாது. அறைவெப்பத்தில் பல மணி நேரம் கிடந்த சோற்றில் ஒரு வகைப் பேசிலஸ் கிருமி உண்டாக்கும் நச்சு, மறுபடி சூடாக்கினாலும் போகாது. மோட்டலில் சாப்பிட்டே ஆக வேண்டும் என்றால் கண்ணெதிரே கல்லில் வேகும் தோசை நல்லது. வெதுவெதுப்பாகப் பாத்திரத்தில் கிடக்கும் குருமாவும், பச்சை முட்டையில் செய்த மயோனைஸும் வேண்டாம். அந்த மயோனைஸுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரலில் ஒரு வருடத் தடையே போட்டது.

பண்ருட்டி வழியே வரும்போது சாலையோரத்தில் பலாச்சுளை கண்ணை இழுக்கும். ஈ மொய்க்க அடுக்கி வைத்ததை விட்டு, எதிரே பழத்தை அரிந்து எடுத்துத் தரச் சொன்னால் சுவையும் கூடுதல். பஜ்ஜி வடையைச் செய்தித்தாளில் மடித்துக் கொடுப்பது 2018ஆம் ஆண்டின் உணவுப் பொட்டல விதிப்படி தடை. அச்சு மை எண்ணெயில் ஊறி உள்ளே போகிறது. இலையில் கேளுங்கள்.

தண்ணீர் பாட்டிலில் அச்சிட்ட விலைக்கு மேல் கடைக்காரர் கேட்பது குற்றம். உட்கார வைத்துப் பரிமாறும் ஓட்டல்களுக்கு மட்டும் 2017ல் உச்ச நீதிமன்றம் விலக்குக் கொடுத்தது. அதனால் மோட்டலின் மேசையில் சண்டை போட்டுப் பயனில்லை, வெளியே உள்ள கடையில் போடலாம். மூடி சீல் உடைந்த பாட்டிலை எந்த விலைக்கும் வாங்காதீர்கள்.

பெண்களின் நிலை வேறு. தண்ணீர் நல்லதா என்று பார்ப்பதற்கு முன்னாலேயே, கழிப்பறைக்குப் பயந்து தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுகிறார்கள். ஐந்து மணி நேரம், எட்டு மணி நேரம் சிறுநீரை அடக்கியதன் பலன் இரண்டு நாள் கழித்து எரிச்சலாகவும் காய்ச்சலாகவும் வரும். பெட்ரோல் பங்குகளில் வாடிக்கையாளருக்குச் சுத்தமான கழிப்பறை, குடிநீர், முதலுதவிப் பெட்டி இருக்க வேண்டும் என்பது எண்ணெய் நிறுவனங்களின் விதி. புகார்ப் புத்தகமும் இருக்க வேண்டும். தேசிய நெடுஞ்சாலைப் புகார்களுக்கு 1033. அரசு பஸ் நிற்கும் மோட்டலில் கழிப்பறை நாறினால் போக்குவரத்துத் துறையின் 1800 599 1500 எண்ணில் சொல்லலாம். பஸ் நிற்கும் இடத்தைப் பயணி தேர்ந்தெடுக்கவில்லை. தேர்ந்தெடுத்தவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

வயிற்றுப்போக்கு வந்துவிட்டால் முதல் மருந்து ஓ.ஆர்.எஸ். இதிலும் ஏமாற்று நடந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஒரு லிட்டரில் 13.5 கிராம் குளுக்கோஸ்தான் இருக்க வேண்டும். ஆனால் மருந்துக்கடைகளிலும் பஸ் ஸ்டாண்டுகளிலும் ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்தோடு விற்ற பழச்சுவை பானங்களில் சர்க்கரை அதைப்போலப் பல மடங்கு. சர்க்கரை கூடினால் போக்கு நிற்காது, அதிகமாகும். ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் வருடக்கணக்கில் போராடிய பிறகு, 2025 அக்டோபரில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. அந்த எழுத்தைப் பானங்களில் பயன்படுத்தத் தடை விதித்தது. உங்கள் பையில் இருக்க வேண்டியது ஒரு லிட்டருக்கு 20.5 கிராம் என்று போட்ட தூள் பாக்கெட். அதுவும் இல்லையென்றால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. இந்த அளவு மாறக் கூடாது.

மலத்தில் ரத்தம், விடாத வாந்தி, ஆறேழு மணி நேரமாகச் சிறுநீர் வராதது, குழந்தையின் கண் குழிவிழுவது ஆகியவற்றுக்கு மருந்துக்கடை போதாது, ஆஸ்பத்திரிதான். இரண்டு மாத்திரை வாங்கிப் போட்டு அடக்கிவிட்டுச் சுரங்கத்தின் வெயிலில் ஷிப்டுக்கு நிற்பது துணிச்சலே அல்ல. உடம்பில் நீரில்லாதவரை வெப்பம் எளிதில் சாய்த்துவிடும்.

காய்ச்சல் வந்தால் டாக்டர் கேட்காவிட்டாலும் போய்வந்த ஊரைச் சொல்லுங்கள். 2025 நவம்பரில் சபரிமலை சீசன் தொடங்கியபோது, குளிக்கும்போது மூக்கில் தண்ணீர் ஏறாமல் பார்த்துக்கொள்ளும்படி கேரள சுகாதாரத் துறை பக்தர்களை எச்சரித்தது. மூளையைத் தாக்கும் அமீபா அந்த வழியில்தான் நுழைகிறது. அரிதான நோய்தான். ஆனால் மலைக்குப் போய்வந்து சில நாளில் கடும் தலைவலியும் காய்ச்சலும் கழுத்து விறைப்பும் வந்தால், ஆற்றில் குளித்தேன் என்ற ஒரு வாக்கியம் டாக்டருக்குப் பெரிய துப்பு.

வழியில் மயங்கி விழுந்தால் முன்பணம் கேட்டு எந்த ஆஸ்பத்திரியும் வாசலில் நிறுத்த முடியாது. அரசோ தனியாரோ, உயிரைக் காக்கும் சிகிச்சை தருவது மருத்துவரின் கடமை என்று 1989ல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சாலை விபத்தென்றால் தமிழகத்தில் எந்த மாநிலத்தவருக்கும் முதல் 48 மணி நேரம் இலவசம். 2021 டிசம்பரில் தொடங்கிய இன்னுயிர் காப்போம் திட்டம் அது. மற்ற மாநிலச் சாலைகளில் 2025 முதல் மத்திய அரசுத் திட்டத்தில் ஏழு நாள், ஒன்றரை லட்சம் ரூபாய் வரை. பிள்ளைகள் வீட்டுக்கு வடக்கே போகும் ஓய்வுபெற்றவர்கள் 70 வயது தாண்டியிருந்தால் ஆயுஷ்மான் வய வந்தனா மருத்துவக் காப்பீட்டு அட்டையை எடுத்துக்கொண்டு கிளம்பலாம். வருமான வரம்பு அதற்கில்லை.

பில்லே இல்லாத சாப்பாடும் ஒன்று நம் பக்கத்தில் உண்டு. 1867ல் வள்ளலார் வடலூரில் மூட்டிய தருமச்சாலை அடுப்பு அணையாமல் எரிகிறது. தைப்பூச ஜோதி தரிசனத்தன்று சாலை நெடுக யார் யாரோ அன்னதானம் போடுகிறார்கள். அங்கே யார்மீதும் வழக்குப் போடப் போவதில்லை, போடவும் கூடாது என்றுதான் நான் நினைக்கிறேன். அன்னதானம் போடுபவர்களும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய வேண்டும் என்பது விதி. நெய்வேலியிலிருந்து பந்தல் போடும் குழுக்கள் அதை முன்கூட்டியே செய்துவிடலாம். சாப்பிடப் போகிறவர்கள் ஆவி பறக்கும் அண்டாவின் வரிசையில் நின்று, தண்ணீரை மட்டும் வீட்டிலிருந்து எடுத்துப் போகலாம். சாதத்தில் வாடை வந்தால் தொண்டர்களிடமும், பக்கத்தில் போட்டிருக்கும் மருத்துவ முகாமிலும் அப்போதே சொல்லிவிடுங்கள். பின்னால் இன்னும் நூறு பேர் தட்டோடு நிற்கிறார்கள்.