அழுகிறது, சிரிக்கிறது, உயிர் மட்டும் இல்லை! கம்ப்யூட்டர் குழந்தையை வைத்துக் கம்பெனி தொடங்கிய விஞ்ஞானி

பூந்தமல்லிக்கும் ஆவடிக்கும் இடையே இருக்கும் ஊர் பாரிவாக்கம்.

அங்கே ஒரு வீட்டில், தொட்டிலில் கைக்குழந்தை கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அம்மா எதிரே நின்று கை தட்டுகிறாள். குழந்தை பொக்கை வாய் திறந்து சிரிக்கிறது.

அடுப்பில் பால் பொங்குகிறது. அம்மா உள்ளே ஓடுகிறாள். குழந்தையின் முகம் மாறுகிறது. உதடு பிதுங்குகிறது. "வீல்" என்று அழுகிறது.

"என் கண்ணு, இதோ வந்துட்டேன்!" என்று அம்மா திரும்பி வருகிறாள். அழுகை நின்றுவிடுகிறது.

இது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

ஆனால், கம்ப்யூட்டர் திரைக்குள் இருக்கும் ஒரு குழந்தை இதையே செய்தால்?

செய்தது! அந்தக் குழந்தையின் பெயர் "பேபி எக்ஸ்". அது பிறந்த இடம், நியூசிலாந்து நாட்டில் உள்ள ஆக்லாந்து நகரம். அதைப் படைத்தவர், மார்க் சாகர் என்ற விஞ்ஞானி.

கிங்காங்குக்கு முகம் கொடுத்தவர்

மார்க் சாகர் சினிமாவில் வேலை பார்த்தவர்.

2005-ம் ஆண்டு வெளிவந்த "கிங்காங்" படத்தில் ராட்சதக் குரங்கு கோபப்பட்டது, கண் கலங்கியது. 2009-ல் வந்த "அவதார்" படத்தில் நீல நிற மனிதர்கள் நிஜ மனிதர்களைப் போலவே உணர்ச்சி காட்டினார்கள். அந்த முகங்களை உருவாக்கியதில் சாகருக்கு முக்கிய பங்கு உண்டு. இத்தகைய முகங்களை உருவாக்கும் முறைகளுக்காக 2010, 2011 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அவருக்கு ஆஸ்கார் விஞ்ஞானத் தொழில்நுட்ப விருது கிடைத்தது.

பொம்மைப் படம் எடுப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா?

சினிமாவில் ஒரு வினாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. ஒரு நிமிடத்துக்கு 1,440 படங்கள்! ஒரு காலத்தில் இவற்றைக் கையால் வரைந்தார்கள்.

பிறகு புது முறை வந்தது. நடிகரின் உடம்பிலும் முகத்திலும் புள்ளிகளை வைத்து, அவருடைய அசைவைக் கம்ப்யூட்டரில் பதிவு செய்தார்கள். அந்த அசைவைப் பொம்மைக்குக் கொடுத்தார்கள். 2014-ல் ரஜினிகாந்த் நடித்து வெளிவந்த "கோச்சடையான்" இப்படி எடுத்த படம்தான்.

இந்த இரண்டு முறைகளிலும் பொம்மைக்குப் பின்னால் ஒரு மனிதன் இருக்கிறான். பொம்மலாட்டத்தில் திரைக்குப் பின்னால் நூலைப் பிடித்துக்கொண்டிருப்பவரைப் போல!

நூல் இல்லாமல் பொம்மை தானே ஆட முடியுமா? இதுதான் சாகர் எடுத்துக்கொண்ட கேள்வி.

தானே சண்டை போட்ட வீரர்கள்

இந்தப் பாதையில் முன்பே ஓர் அடி எடுத்து வைத்தவர், அதே நியூசிலாந்தைச் சேர்ந்த ஸ்டீபன் ரெகலஸ்.

2001 முதல் 2003 வரை வெளிவந்த "லார்ட் ஆப் தி ரிங்ஸ்" படங்களில் ஆயிரக்கணக்கான வீரர்கள் மோதும் போர்க்களம் வருகிறது. அத்தனை பேரையும் தனித்தனியே ஆட்டிவைக்க யாரால் முடியும்?

ரெகலஸ் "மாசிவ்" என்ற கம்ப்யூட்டர் திட்டத்தை எழுதினார். அதில் ஒவ்வொரு வீரனும் எதிரே வருபவனைப் "பார்த்தான்". வெட்டுவதா, ஒதுங்குவதா என்று தானே முடிவு செய்தான். பின்னர் அதே பெயரில் அவர் கம்பெனியும் நடத்தினார்.

ஆனால் அந்த வீரர்கள் கூட்டத்தில் ஒருவர். அவர்கள் உங்கள் முகத்தைப் பார்த்துச் சிரிக்கமாட்டார்கள். பேபி எக்ஸ் சிரித்தது!

மகளின் முகம்

சாகர் சினிமா வேலையை விட்டார். ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிக்கூடம் அமைத்தார். தன் மகள் குழந்தையாக இருந்தபோது எப்படி இருந்தாளோ, அதே முகத்தைக் கம்ப்யூட்டர் குழந்தைக்குக் கொடுத்தார்.

அது எப்படி வேலை செய்தது?

கேமராதான் அதன் கண். மைக்தான் அதன் காது. எதிரே இருப்பவர் சிரிக்கிறாரா, பேசுகிறாரா, விலகிப் போகிறாரா என்று இவை கவனிக்கும்.

அடுத்தது மூளை. மனித மூளையில் மகிழ்ச்சி வரும்போது சில ரசாயனங்கள் கூடுகின்றன. பயம் வரும்போது வேறு சில கூடுகின்றன. இந்த ஏற்ற இறக்கத்தைச் சாகர் கணக்காக எழுதினார். நீங்கள் சிரித்தால் ஒரு கணக்கு ஏறும். நீங்கள் விலகிப் போனால் வேறொரு கணக்கு ஏறும்.

கடைசியாக முகம். தோலுக்கு அடியில் உள்ள தசைகளையும் கம்ப்யூட்டரிலேயே அமைத்தார்கள். மூளைக் கணக்கு தசையை இழுக்கும். உதடு விரியும், அல்லது பிதுங்கும்.

இப்படிச் சிரி, இப்படி அழு என்று அந்த நேரத்தில் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. குழந்தையே செய்தது.

அந்த அழுகைக்குப் பின்னால் பசி இல்லை. வலியும் இல்லை. கணக்கு மட்டுமே. ஆனாலும் பார்ப்பவர் மனம் இளகிவிடுகிறது. இந்தக் கண்டுபிடிப்பின் பலமும் அதுதான், ஆபத்தும் அதுதான்.

கம்பெனி பிறந்தது

2016-ல் சாகர், கிரெக் கிராஸ் என்ற தொழில் அதிபருடன் சேர்ந்து "சோல் மெஷின்ஸ்" என்ற கம்பெனியைத் தொடங்கினார். "ஆன்மா யந்திரங்கள்" என்று அதற்குப் பொருள்!

கண்டுபிடிப்பு கையில் இருந்தால் மட்டும் போதுமா? பணம் வேண்டும். வாங்க ஆள் வேண்டும்.

பணம் வந்தது. அதே ஆண்டில், ஹாங்காங்கைச் சேர்ந்த முதலீட்டு நிறுவனம் ஒன்றின் தலைமையில் 75 லட்சம் டாலர் கிடைத்தது. 2022-ல், ஜப்பானின் சாப்ட்பேங்க் நிதியின் தலைமையில் 7 கோடி டாலர் சேர்ந்தது.

வாங்கவும் ஆட்கள் வந்தார்கள். பயணிகளின் கேள்விக்குப் பதில் சொல்ல, நியூசிலாந்து விமான கம்பெனி 2017-ல் "சோபி" என்ற பெண் உருவத்தைக் காட்டியது. ஒரு வங்கி 2018-ல் "ஜேமி" என்ற உருவத்தை வைத்தது. கொரோனா காலமான 2020-ல், புகைப் பழக்கத்தை விட நினைப்பவர்களுக்கு யோசனை சொல்ல, உலக சுகாதார நிறுவனம் "புளோரன்ஸ்" என்ற உருவத்தை அறிமுகப்படுத்தியது.

நாடியா வரவில்லை

எல்லாம் வெற்றிதானா? இல்லை.

ஆஸ்திரேலியாவில் மாற்றுத்திறனாளிகளுக்கான அரசு காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. அதுபற்றி விளக்கம் சொல்ல, "நாடியா" என்ற உருவம் 2017-ல் அறிவிக்கப்பட்டது. ஆஸ்கார் பரிசு பெற்ற நடிகை கேட் பிளாஞ்செட் குரல் கொடுத்தார். மாற்றுத்திறனாளிகளே உட்கார்ந்து யோசனை சொல்லி உருவாக்கிய பெண் அவள்.

ஆனால் நாடியா பொதுமக்களின் உபயோகத்துக்கு வரவே இல்லை. திட்டம் கைவிடப்பட்டது.

ஒரு பாட்டை மாற்றிப் பாடினால் ரசிகர் பொறுத்துக்கொள்வார். உதவித்தொகை பற்றித் தப்பான பதில் சொன்னால், நம்பி வந்தவரின் கதி என்ன? முகம் எவ்வளவு அழகாக இருந்தாலும், அது சொல்லும் வார்த்தைக்கு ஒரு மனிதர் பொறுப்பு ஏற்கவேண்டும். இந்தத் தொழிலில் இறங்கும் எந்தக் கம்பெனிக்கும் இதுதான் முதல் பாடம்.

நம் வீட்டுக்கும் வந்துவிட்டது

இது எங்கோ நடக்கும் கதை என்று நினைக்கவேண்டாம்.

2024 மே 26-ந் தேதி, விவசாயிகளுக்கான தூர்தர்ஷன் டெலிவிஷனில் "கிரிஷ்", "பூமி" என்ற இரண்டு அறிவிப்பாளர்கள் தோன்றினார்கள். இருவரும் கம்ப்யூட்டர் உருவங்கள்! 50 மொழிகளில் பேசக்கூடியவர்கள் என்று அறிவிக்கப்பட்டது.

அதே ஆண்டு செப்டம்பரில் வெளிவந்த "கோட்" படத்தில், மறைந்த நடிகர் விஜயகாந்த் திரையில் தோன்றினார். தியேட்டரில் கைதட்டல் எழுந்தது. அவருடைய குடும்பத்தாரின் அனுமதி பெற்றுத்தான் அந்தக் காட்சி எடுக்கப்பட்டது.

அனுமதி கேட்டார்கள் என்பதே அங்கு முக்கியம். ஒருவருடைய முகம் அவருடைய சொத்து. அவருக்குப் பின் அது அவர் குடும்பத்தின் நினைவு. கேட்காமல் எடுத்தால் அது கலை அல்ல, களவு!

களவும் நடக்கிறது. தெரிந்தவர்களின் முகத்தையும் குரலையும் போலியாகச் செய்து, செல்போனில் வந்து பணம் கேட்கும் மோசடிக்காரர்கள் இருக்கிறார்கள்.

அத்தையின் முகம் திரையில் தோன்றி, "அவசரம், உடனே பணம் அனுப்பு" என்றால் என்ன செய்வது? பதறவேண்டாம். போனை வைத்துவிட்டு, உங்களிடம் ஏற்கனவே இருக்கும் அத்தையின் நம்பருக்கு நீங்களே பேசுங்கள். பணம் போய்விட்டால், தாமதிக்காமல் 1930 என்ற எண்ணில் புகார் கொடுங்கள்.

பாரிவாக்கத்துத் தொட்டில் குழந்தை அழுதால் அம்மா ஓடி வருகிறாள். ஏன்? அங்கே பசி நிஜம், கண்ணீர் நிஜம்.

திரைக் குழந்தையின் கண்ணீரைப் பார்த்து வியக்கலாம். அதைப் படைத்த மூளையைப் பாராட்டலாம். பொம்மையின் நூல் அறுந்துவிட்டது உண்மைதான். ஆனால் பொறுப்பு என்ற நூல் மட்டும் மனிதன் கையை விட்டுப் போகக்கூடாது!